துணி மூடிய பானை

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. உறையை ஒட்டியது நீ அல்ல. நீ எதை ஒட்டினாலும் ஓரத்தில் பசை வழிந்திருக்கும். பட்டம் ஒட்டிய வயதிலிருந்தே அப்படித்தான். இது ஒரு பொட்டுப் பசைகூட வெளியே தெரியாமல் நேர்த்தியாக ஒட்டப்பட்டிருந்தது. உனக்குப் பின்னால், எனக்கு முன்னால், யாரோ அதைப் படித்திருக்கிறார்கள். அவசரகாலம் வந்ததிலிருந்து கோல சிலாங்கூரில் கடிதங்கள் இப்படித்தான் வருகின்றன. அதனால் இந்தப் பதிலைத் தபாலில் போடவில்லை. தெருக்கோடியில் மளிகைக்கடை வைத்திருக்கும் காதர் பாயின் மைத்துனர் சரக்கு வாங்கச் சிங்கப்பூர் வருகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவரையும் நான் முழுவதாக நம்பவில்லை. ஆனால் பிறர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் பொறுமை அவருக்குக் கிடையாது என்பது எனக்குத் தெரியும். படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

நீ கப்பலேறப் போகிறாய் என்பதில் எனக்குப் பெருமைதான். உன் அப்பா ஒரு தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து, அந்த மேசையிலேயே காலத்தை முடித்தவர். அவருடைய மகன் இங்கிலாந்துக்குப் போய், மதங்கள் எப்படிப் பிறக்கின்றன என்று வெள்ளைக்காரர்களுக்கு எடுத்துச் சொல்லப் போகிறான். பேராசிரியர் உன் ஆய்வைப் பாராட்டியதையும், கோலாலம்பூரிலிருந்து வந்த ஓர் அதிகாரி உன்னைத் தேநீருக்கு அழைத்ததையும் எழுதியிருக்கிறாய். அவர் நிறையப் படித்தவர், சமய விஷயங்களில் ஆர்வமுள்ளவர், உன் ஆய்வு முத்தம்மாவின் கூட்டத்தின் மீது சர்க்காருக்குள்ள சந்தேகத்தைப் போக்க உதவும் என்று சொன்னார் என்கிறாய். ஒரே ஒரு விவரம்தான் குறைகிறதாம். பானைக்குள் வெறுங்கை விட்டவர்கள் எந்தெந்த வீட்டார் என்பது. அதை நான் முத்தம்மாவிடம் நயமாக விசாரித்து உனக்கு எழுத வேண்டும்.

விசாரிக்க மாட்டேன். ஏன் என்று சொல்வதற்கு, உனக்குத் தெரிந்ததையே நான் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. உனக்குத் தெரிந்தது என்று நீ நினைப்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

நீ அதைப் 'புதிய சமய இயக்கம்' என்று எழுதுகிறாய். உன் அப்பா வேலை பார்த்த தோட்டத்து லயத்தில், அந்தக் கூலிவீட்டு வரிசையில், அதைப் 'பானைக் கூட்டம்' என்கிறார்கள். ஜப்பான்காரன் காலத்தில் முத்தம்மாவின் புருஷனைச் சயாம் ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள், அவன் திரும்பவில்லை. தோட்டம் முழுக்கப் பசி. ஒரு வெள்ளிக்கிழமை அவள் லயத்துக் கடைசியில் ஒரு பானையை வைத்து, அவன் விட்டுப்போன வேட்டியால் வாயை மூடினாள். அவரவர் வீட்டில் இருப்பதை, மரவள்ளியோ கீரையோ ஒரு பிடி அரிசியோ, துணிக்கு அடியில் கையை விட்டுப் போட வேண்டும். ஒன்றும் இல்லாதவர்களும் கையை விட்டு எடுக்க வேண்டும். யார் எதைப் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. பிறகு எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சாமி படம் இல்லை, சூடம் இல்லை, கிடா வெட்டு இல்லை, கள் இல்லை, இன்ன சாதி என்ற கேள்வி இல்லை. யுத்தம் முடிந்து அரிசி வந்த பிறகும், அரிசி மட்டும் போடும் பானையாக அது நின்றது. ராசா ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்துகூட ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள், முள்வேலி போட்டு வாசலில் காவல் வைக்கும் வரை.

எனக்கு அந்தக் கூட்டத்தைப் பிடித்ததே இல்லை. அதை மறைக்க மாட்டேன். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். ஜெபம் என்றால் அதற்கு நேரம் உண்டு, வார்த்தை உண்டு, முடிவு உண்டு. திடீரென்று ஒரு புல்வெட்டுகிறவள் பானையை வைத்து, ஆட்கள் அவள் காலைத் தொட ஆரம்பித்தால், அந்தப் பானைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றுதான் என் புத்தி முதலில் பார்க்கும். முத்தம்மாவுக்குக் காலைத் தொடுவது பிடிக்கும் என்பதையும் கவனித்திருக்கிறேன். "ஐயய்யோ, வேணாம்" என்பாள். காலை மட்டும் இழுத்துக்கொள்ள மாட்டாள். நான் அங்கே ஒருநாளும் சாப்பிட்டதில்லை. பானையை யார் கழுவினார்கள் என்று எனக்குத் தெரியாது.

இருந்தும், நீ போய்த் தங்கி ஆராய வேண்டும் என்றபோது, நான்தான் உன்னை அழைத்துக்கொண்டு போனேன். வாசலில் காவல்காரன் உன் பையைக் கொட்டிப் பார்த்தான். முத்தம்மா உன்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தம்பி என்னா, கோயில் கட்டப் போறாரா?"

"படிக்க வந்திருக்கான்," என்றேன்.

"எங்களையா? எங்கள்ட்ட என்னாம்மா இருக்கு படிக்க? பானைதான் இருக்கு. அடியில கரிதான் இருக்கும்."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அப்போது நான் அவளிடம் நேராகவே கேட்டேன், உனக்கு நினைவிருக்கும். துணிக்கு அடியில் யாராவது ஏமாற்றினால் என்ன செய்வாய் என்று.

"கை வந்தா போதும்லா," என்றாள். "கையில என்னா இருக்குங்கறது கைக்கும் பானைக்கும் உள்ள பேச்சு. நடுவுல நான் யாரு?"

அது நல்ல பதில் என்று நீ வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாய். எனக்கு அது தப்பித்துக்கொள்ளும் பதிலாகத்தான் பட்டது. ஆனால் போகும்போது அவள் என்னைத் தனியாக நிறுத்தி ஒன்று சொன்னாள், அதை நான் உனக்குச் சொல்லவில்லை: "கிராணியம்மா, உங்க வார்த்தைக்காகத்தான் உள்ள விடுறேன். காலம் கெட்டுக் கெடக்கு." சரி என்றேன். உன் சாமானோடு சாமானாக என் வார்த்தையும் அந்த லயத்துக்குள் போயிற்று.

உன்னைப் பற்றி எனக்குத் தெரியாததா? ஐந்து வயதில் கூட்டல் தப்பானால் உன்னை முழங்கால் போட வைத்தவள் நான். கணக்குக்குப் பரிசு வாங்கி வந்தபோது இந்த ஊரில் அதைக் கேள்விப்படாதவர் கிடையாது. நானே போய்ச் சொன்னேன். மீன் விற்க ஜெராமிலிருந்து வரும் பெண்ணுக்குக்கூடத் தெரியும். உன் அப்பாவுக்கு இதெல்லாம் வேடிக்கை. ஒரு சமயம் சீனி குறைகிறது என்று போத்தலில் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன், நினைவிருக்கிறதா? நீயும் வேலைக்காரியும் பயந்து அந்தப் பக்கமே போகவில்லை. கடைசியில் திருடன் உன் அப்பாதான். டாக்டர் சீனி கூடாது என்று சொல்லியிருந்தார். "நீ போலீஸ்ல சேந்திருக்கணும்டி, இந்நேரம் பெரிய பதவியில இருப்பே," என்றார். அன்றோடு வீட்டில் சீனி தொடவில்லை. காதர் பாய் கடையில் தொட்டார். அவர் இறந்த பிறகுதான் பாய் அதை எனக்குச் சொன்னார். நான் பிடித்தது சீனியைத்தான், அவரை அல்ல. கண்காணிப்பு எதையும் நிறுத்துவதில்லை. வேறு இடத்துக்கு அனுப்பிவைக்கிறது. இதை உன் ஆய்வில் எங்கேயாவது சேர்த்துக்கொள்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். முத்தம்மா உன்னை நம்பிப் பானையைத் தூக்கிக்கொண்டு போய் அரிசி கழுவிவரச் சொன்னாள். நீ கழுவுவதற்கு முன் பால் டின்னால் அதை அளந்தாய். உன் கையால் ஒரு பிடி அள்ளி, அதையும் அதே டின்னில் போட்டுப் பார்த்து, ஒரு பிடி இவ்வளவு என்று வைத்துக்கொண்டாய். கை விட்டவர்களை எண்ணினாய். வகுத்தாய். பிறகு, எல்லாரும் இலை முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, நல்ல செய்தி சொல்பவனைப் போலச் சொன்னாய்: "இங்கே நாலு கையில் ஒரு கை வெறுங்கை. இருந்தும் எல்லாருக்கும் சோறு போதுகிறது. எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள்!"

நீ அவர்களைப் புகழ்ந்துதான் சொன்னாய். எனக்குத் தெரியும். நானும் அன்று ஓரமாக உட்கார்ந்திருந்தேன். நீ முகங்களைப் பார்க்கவில்லை. உன் கண்டுபிடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பார்த்தேன். ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள்.

உனக்கு அதில் என்ன தெரியவில்லை என்று இப்போது சொல்கிறேன். அரிசி இப்போது ஆளுக்கு இவ்வளவு என்று அளந்துதான் கிடைக்கிறது. ரப்பர்ப் பால் வெட்டப் போகும் பெண்ணின் தூக்குச்சட்டியை வாசலில் திறந்து பார்க்கிறார்கள். ஒரு வாய்ச் சோறுகூட வேலிக்கு வெளியே போகக் கூடாது, காட்டுக்காரர்களுக்கு, அந்தக் கம்யூனிஸ்டுகளுக்கு, போய்ச் சேர்ந்துவிடும் என்று. அப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தி வெறுங்கையோடு வருகிறாள் என்று படித்த ஒருவன் கணக்குப் போட்டுச் சொன்னால், அடுத்த கேள்வி என்ன? அவள் வீட்டு அரிசி எங்கே போகிறது? நீ மறுநாள் காலை பஸ்ஸில் போய்விட்டாய். கேள்வி அங்கேயே தங்கிவிட்டது.

இரண்டாம் லயத்துக் கடைசி வீட்டுக்காரியை உனக்குத் தெரியும். பெயரை எழுத மாட்டேன், அடுப்பில் போகும் காகிதத்தில்கூட. இரண்டு பெண் குழந்தைகள். புருஷன் யுத்தத்துக்கு முன்பே வேறொருத்தியோடு போனவன். தம்பி ஒருவன் ராசா பக்கம் வேலையில் இருந்தான். ஒருநாள் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. காட்டுக்குப் போய்விட்டான் என்று ஒரு பேச்சு. சிங்கப்பூரில் கப்பல் வேலையில் இருக்கிறான் என்று அவள் சொல்வாள். இதுவரை அந்தப் பேச்சு பேச்சாகவே கிடந்தது. உன் கணக்கு வந்ததும் அதற்குக் கால் முளைத்தது.

அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகளில் அவள் கை உள்ளே போகும்போது லயமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்ததாம். ஒருநாள் முத்தம்மா பஸ் பிடித்து என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"உங்க புள்ள வெச்ச நெருப்பு. வந்து பாருங்க," என்றாள்.

"அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை."

"நெருப்புக்கு அது தெரியுமாம்மா?"

அந்த வெள்ளிக்கிழமை போனேன். பானை வைத்திருந்தது. ஒவ்வொருவராக வந்து கையை விட்டுப் போனார்கள். கடைசி வீட்டுக்காரி வந்தாள். சிறியவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கை உள்ளே போனதும், கூலிகளை வேலை வாங்கும் மண்டோர் எழுந்து துணியை ஒரே இழுப்பில் உருவினான். அவனும் கூட்டத்து ஆள்தான், கள்ளை விட்டவன், பானையை நம்புகிறவன். அதுதான் இதில் மோசமான பகுதி.

பானைக்குள் அவள் கை மூடியபடி இருந்தது.

"தொற," என்றான். "இருந்தா காட்டு. இல்லன்னா அதையும் காட்டு. ஒன்னால நாங்க எல்லாம் உள்ள போவணுமா?"

அவள் திறக்கவில்லை. அழவும் இல்லை.

"தொறந்துருடி, அதோட முடிஞ்சிரும்லா," என்றாள் பக்கத்தில் இருந்த ஒருத்தி, கெஞ்சுவது போல.

நான் எழுந்தேன். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்காது. நான் எதிரே வந்தால் அவள் ஒதுங்கி நிற்பது மரியாதையால் அல்ல என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். ஆனால் பள்ளிக்கூடத்தில் கற்ற குரல் ஒன்று இருக்கிறது, உனக்கு அது தெரியும்.

"திறக்காதே," என்றேன்.

மண்டோர் திரும்பினான். "கிராணியம்மா, ஒங்க மகன்தானே சொன்னாரு? நாலுல ஒண்ணுன்னு. நாங்களா கண்டுபுடிச்சோம்? படிச்சவரு கணக்கு."

முத்தம்மாதான் எழுந்து, பக்கத்தில் இருந்த வாளித் தண்ணீரை அடுப்பில் ஊற்றினாள். புகை எழும்பிற்று. "இன்னைக்கு சோறு கெடையாது. போங்க. அடுத்த வெள்ளிக்கும் கெடையாது," என்றாள். பானையைக் கவிழ்த்தாள். அந்த அரிசி மண்ணில் கிடந்தது. இந்தக் காலத்தில், அரிசி. யாரும் குனிந்து பொறுக்கவில்லை. கடைசி வீட்டுக்காரி மூடிய கையோடு வீட்டுக்குப் போனாள்.

நானும் அவள் பின்னால் நடந்தேன், பஸ்ஸுக்கு வழி அதுதான். வாசற்படியில் திரும்பினாள்.

"நீங்க கேக்கவே இல்லியே, அம்மா."

"கேட்டால் சொல்வாயா?"

சிறியவளை முதலில் உள்ளே அனுப்பினாள்.

"அதனால்தான் கேட்கவில்லை," என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

உன் ஆய்வு ஏறக்குறைய முடிந்தது என்று எழுதியிருக்கிறாய். நீ ஆராய்ந்த பொருளும் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து பானை வைக்கவில்லை. பேராசிரியரிடம் சொல், அவருக்கு ஆர்வமாக இருக்கும்.

பிறகு இன்ஸ்பெக்டர் வந்தார். நம் ஆள்தான், தமிழர். கேட்காமலே உன் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார்.

"பெருசா ஒண்ணும் இல்லம்மா. உங்க மகன் எண்ணியிருக்காரு. எந்த வீடுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

"எண்ணுகிறவனுக்கு எண்ணிக்கைதான் தெரியும். ஆள் தெரியாது."

"சரி. ஆனா கணக்கு சரிதானே? கணக்குல பரிசு வாங்குனவராச்சே. நீங்கதான் ஊரெல்லாம் சொன்னீங்களாம்."

மகனே, உன்னைப் பெற்றதிலிருந்து நான் அடித்த தம்பட்டமெல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தது.

"கணக்குத் தப்பு," என்றேன்.

"பெத்தவங்களே புள்ள கணக்கு தப்புன்னு சொல்றத இப்பதான் கேக்குறேன். அந்தப் பொண்ணு உங்களுக்கு ஒறவா?"

"எங்களுக்குள் பேச்சுவார்த்தையே கிடையாது."

"அப்ப அவரையே எழுதச் சொல்லுங்க. தப்புன்னு கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கு அனுப்பட்டும், நான் விட்டுர்றேன். இல்லன்னா மாசக் கடைசியில அவள வேற எடத்துல வெச்சித்தான் விசாரிக்கணும். எப்ப வருவான்னு சொல்ல முடியாது."

"குழந்தைகள்?"

"யாராச்சும் பாத்துக்குவாங்க," என்று எழுந்தார். தேநீர் வேண்டாம் என்றார். நான் கொடுப்பதாகவும் இல்லை.

அவர் போன பிறகு எனக்கு உறுத்தியது. தப்பு என்று சொன்னேனே, தப்பு என்று எனக்குத் தெரியுமா? தெரியாமல் சொல்லியிருந்தால் அது பொய். நான் பொய் சொல்லி வளர்ந்தவள் அல்ல. உன் கடிதத்தை எடுத்து, நீ அளந்த முறையை எழுதியிருந்த பகுதியை மறுபடி படித்தேன். 'என் கைப்பிடியை அலகாகக் கொண்டேன்.' படித்துவிட்டு நேராகக் காதர் பாய் கடைக்குப் போனேன். சுங்கை புரோங் அரிசி மூட்டை பிரித்து வைத்திருந்தார். ஒரு பால் டின் கேட்டு வாங்கி, என் கையால் ஒரு பிடி அள்ளிப் போட்டேன்.

"என்னாங்கம்மா, கல்லு பொறுக்குறீங்களா? கெடந்தா சொல்லுங்க, மாத்தித் தர்றேன்."

"உங்கள் கையால் ஒரு பிடி போடுங்கள், பாய்."

போட்டார். லோரியில் இருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவனையும் கூப்பிட்டேன். "எதுக்குங்கம்மா, மந்திரம் ஏதும் வெக்கிறீங்களா?" என்று தயங்கினான். "கணக்கு," என்றேன். அதற்கு இன்னும் பயந்தான். கடைசியில் போட்டான். அவன் ஒரு பிடி என் இரண்டு பிடிக்கு மேல் வந்தது. பாயுடையது நடுவில். பிறகு நானே இன்னொரு முறை அள்ளினேன். முதலில் அள்ளியதற்கும் இதற்கும் ஒத்துப்போகவில்லை. என் கையே என்னோடு ஒத்துப்போகவில்லை.

உன் கை உன் அப்பாவின் கை. நீளமான விரல், அகன்ற உள்ளங்கை. அந்தக் கையால் ஒரு பிடி அள்ளி அதையே எல்லார் கைக்கும் அளவாக வைத்தாய். அந்தக் கூட்டத்தில் பாதிக்கு மேல் பெண்கள். கிழவிகள் உண்டு, பத்து வயதுப் பிள்ளைகள் உண்டு. எல்லாருமே கை நிறைய அரிசி போட்டிருந்தாலும் உன் கணக்கில் நாலில் ஒன்று குறைந்திருக்கும். சிறு வயதில் இந்தத் தப்பைச் செய்திருந்தால் உன்னை முழங்காலில் நிறுத்தியிருப்பேன். நீ அளந்தது அவர்களை அல்ல, உன் கையை. அந்த அளவை நம்பி ஒரு பெண்ணைப் பிடித்துக்கொண்டு போகப் போகிறார்கள்.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படி. உன் கணக்குத் தப்பு என்பதால் அவள் கை நிறைந்திருந்தது என்று ஆகிவிடாது. அவள் கை வெறுங்கை என்றுதான் நான் நினைக்கிறேன். அந்த அரிசி எங்கே போயிற்று என்றும் எனக்கு ஓர் எண்ணம் உண்டு. குழந்தைகள் வயிற்றுக்குப் போயிருக்கலாம். வேறு எங்கேயும் போயிருக்கலாம். இரண்டில் எதை நம்புகிறேன் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். ஏனென்றால் அது என் சந்தேகம். சந்தேகத்தில் கையெழுத்துப் போட முடியாது, கணக்கில் போடலாம். அதனால்தான் கோலாலம்பூர்க்காரர் உனக்குத் தேநீர் கொடுத்தார். அவர்களிடம் சந்தேகத்துக்குப் பஞ்சமில்லை. மலேயா முழுவதும் அதுதான் விளைகிறது. அவர்களுக்கு வேண்டியது படித்தவன் போட்ட ஒரு வகுத்தல்.

அதனால் அந்த அதிகாரிக்கு எழுது. பொய் எழுதச் சொல்லவில்லை. உன் கண்டுபிடிப்பு உன் சொந்தக் கைப்பிடியை அளவாகக் கொண்டது என்றும், அதை வைத்து யாரும் வெறுங்கையோடு வந்தார்கள் என்று சொல்ல முடியாது என்றும், எந்த வீட்டையும் சுட்டிக்காட்ட முடியாது என்றும் எழுது. ஆங்கிலத்தில், சுருக்கமாக, மன்னிப்புக் கேட்காமல். ஆய்விலிருந்தும் அந்தப் பகுதியை எடுத்துவிடு. பேராசிரியர் முகம் சுளிப்பார். அந்த அதிகாரி உனக்காக எழுதித் தருவதாகச் சொன்ன பரிந்துரையும் வராமல் போகலாம். அவர் அதைச் சொன்னது சும்மா அல்ல என்று உனக்கே தோன்றியிருக்க வேண்டும். தோன்றாவிட்டால் உன் படிப்பைப் பற்றி நான் கவலைப்பட வேண்டியிருக்கிறது. மதங்களை ஆராய்கிறவனுக்கு ஒரு புத்தி வேண்டும். ஆட்கள் ஒன்றைத் துணி போட்டு மூடி வைத்திருந்தால், மூடியதுதான் அவர்களுடைய மதம். உள்ளே இருப்பது வெறும் அரிசி.

நீ எழுதுவாய் என்று நம்புகிறேன் என்று இந்த இடத்தில் ஒரு தாய் எழுத வேண்டும். நான் உன்னை நன்றாக அறிந்தவள். அதனால் அப்படி எழுதவில்லை. உனக்குச் சரியாக இருப்பதில் ஆசை அதிகம். அது என்னிடமிருந்து வந்தது. தப்பு என்று கையெழுத்துப் போட உன் கை எவ்வளவு கூசும் என்று எனக்குத் தெரியும். அந்த இன்ஸ்பெக்டரிடம் அதைச் சொல்ல என் வாய் கூசியது. சொன்ன பிறகு ஒன்றும் ஆகவில்லை. நான் இன்னும் இந்தத் தெருவில் நிமிர்ந்துதான் நடக்கிறேன்.

கப்பல் போர்ட் சுவெட்டன்ஹாமில் ஒரு பகல் நிற்கும் என்று எழுதியிருக்கிறாய். மேலிடத்துக்கு உன் கடிதம் வந்துவிட்டது என்று இன்ஸ்பெக்டர் வாயால் கேட்டால், ஜெராம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறிக் கிள்ளான் வந்து, அங்கிருந்து துறைமுகத்தில் நிற்பேன். கம்பளிச் சட்டையும் எலுமிச்சை ஊறுகாயும் எடுத்து வைத்திருக்கிறேன். கேட்காவிட்டாலும் அதே பஸ்ஸில்தான் ஏறுவேன். ஆனால் பாதி வழியில், தோட்டத்து வாசலில் இறங்கிவிடுவேன். அந்த இரண்டு பெண் குழந்தைகளும் இருக்க ஓர் இடம் வேண்டும். 'யாராச்சும்' என்று அவர் சொன்ன ஆள் வேறு எங்கிருந்தும் வரப்போவதில்லை.

உன் அறையை நேற்று ஒழித்துவிட்டேன். கட்டிலைச் சுவரோரம் தள்ளினால் இரண்டு பாய் போட இடம் இருக்கிறது.

அம்மா